பதினோராம் நாற்காலிப் பேச்சு

தேரிவிளை கிளை நூலகத்தில் பிள்ளைகளின் பேச்சு புத்தகங்களுக்குள் போய் உட்கார ஆரம்பித்தது பங்குனிக் கடைசியில், பொதுத்தேர்வெல்லாம் முடிந்து, தேரிக்காட்டுச் செம்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து ஊரில் எல்லார் வீட்டுச் சோற்றிலும் தூவிக்கொண்டிருந்த நாட்களில். ஏன் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்பதற்கே பதில் கிடைக்காத ஊர், இதை மட்டும் யார் போய் யாரிடம் கேட்பது? நடந்தது, அவ்வளவுதான். நூலகர் ராஜகனி உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்று சொன்னால், பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் மிச்சமிருந்த பேச்சு, பக்கத்து அலமாரியில் எந்தப் புத்தகம் கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குள் போய்விடும். பிறகு யார் அந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பிள்ளையின் குரலிலேயே அது கேட்கும்.

ராஜகனி கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயந்தவள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவள் பேரில் ஒரு புகார் கிடையாது. அந்த ஒரு புகாரும் இல்லாத கோப்பை அவள் பெற்ற பிள்ளையைப் போலக் கட்டிக் காத்தாள். அப்படிப்பட்டவளுடைய நூலகத்துக்குப் பதினைந்து வயதும் பதினேழு வயதுமாகப் பிள்ளைகள் சாயங்காலமானால் திரண்டு வந்து, மின்விசிறிக்கு அடியில் நடுவிலிருந்த வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பக்கமும் புரட்டாமல், பேசினார்கள், சிரித்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் கிள்ளினார்கள், காரணமில்லாமல் அழுதார்கள், அழுத கண்ணோடு மறுபடியும் சிரித்தார்கள். நாளிதழ் படிக்க வந்த பெரியவர்கள் ராஜகனியின் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

இதற்கென்றே திருநெல்வேலியில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள், வளரிளம் பருவத்தினரைக் கையாளுவது எப்படி என்று. வந்து பேசிய அம்மா மூன்று மணி நேரம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினாள். பிள்ளைகளின் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள், நின்றுகொண்டு அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், ஏன் வருகிறார்கள் என்று கேளுங்கள், வீட்டிலும் தெருவிலும் பேச இடமில்லாத பிள்ளைகள்தான் நூலகத்தில் வந்து பேசும் என்றெல்லாம். ராஜகனிக்குக் காலையில் சாப்பிடாத தலைவலி. அவள் காதில் ஏறியது கடைசியில் சொன்ன ஒன்றுதான்: எதையும் பதிவு செய்து வையுங்கள்.

திரும்பி வந்த மறுநாளே வட்ட மேசையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். பதின்மூன்று நாற்காலிகளுக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அலமாரியை ஒட்டிப் போட்டு, பரீட்சை ஹாலைப் போல ஆளுக்கொரு மூலையாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தாள். நடத்தைக் குறிப்பேடு என்று அட்டையில் எழுதிய நீள நோட்டில் தேதி, நாற்காலி எண், பெயர், குற்றம் நான்கையும் தினமும் எழுதினாள். பிள்ளைகள் விடுவார்களா? நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு பக்கத்து நாற்காலியிடம் பேசினார்கள். அவள் "உஷ்" என்றாள். நடுவில் மேசையைச் சுற்றியே உட்கார விட்டிருந்தால் அந்தப் பேச்சுக்குக் கிட்டத்தில் ஒரு புத்தகமும் இருந்திருக்காது, ஊரில் ஒன்றுமே நடந்திருக்காது என்பதைப் பின்னால் நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

முதலில் கேட்டவர் வாசகர் வட்டத் தலைவர் ஞானையா சார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வெளியே சொல்ல முடியாத ஒரு உபாதைக்கு வைத்தியம் தேடிச் சித்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து ஜெபின் என்கிற பையனின் குரல், ஞானையா சாரைப் போலவே மூக்கால் பேசி, "தம்பி, நாளிதழை நான்காக மடிக்க வேண்டும், எட்டாக மடித்தால் அது நாளிதழ் அல்ல, சுண்டல் பொட்டலம்" என்றது. சார் புத்தகத்தை மூடினார், திறந்தார், இன்னொரு தரம் முழுக்கக் கேட்டார், பிறகு கருத்துப் பதிவேட்டை வாங்கி, அழகான கையெழுத்தில் எழுதினார்: "சித்த மருத்துவ நூலில் என்னைப் போன்ற ஒருவரின் பேச்சு கலந்துள்ளது. ஆவன செய்யவும்."

உஷ் என்று அடக்கப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு நாள் ஜெபின் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஞானையா சார் மாதிரி பேசிக் காட்டுவதுதான் அவன் பிழைப்பே. வாயைத் திறந்தால் "தம்பி" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வெறும் காற்று. புத்தகம் அடுக்கும் தண்டனையாக ராஜகனி அவனை மருத்துவ அலமாரிக்கு அனுப்பிய அன்று அவனே அந்தப் புத்தகத்தைத் திறக்க, பேச்சு அவன் வாய்க்குத் திரும்பி, அடக்க அடக்க முடியாமல், ஞானையா சார் எதிரில் நிற்கிறார் என்றும் பாராமல், சுண்டல் பொட்டலம் வரைக்கும் முழுசாகக் கொட்டியது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் மருந்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆக, ஊருக்குச் சட்டம் தெரிந்துவிட்டது. உஷ் என்றால் பேச்சு உள்ளே போகும், வெளியாள் திறந்தால் கேட்கும், பேசிய பிள்ளையே திறந்தால் அதன் வாய்க்குத் திரும்பி வந்து அந்த இடத்திலேயே வெளியே விழும். அதுவரைக்கும் அந்தப் பேச்சை அந்தப் பிள்ளையால் வேறெங்கும் சொல்லவும் முடியாது, எழுதவும் முடியாது.

வேறு ஊராயிருந்தால் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். தேரிவிளையில் பெற்றவர்கள் வரிசையில் நின்று உறுப்பினரானார்கள். பெற்ற பிள்ளை வீட்டில் வாயைத் திறந்து மூன்று வருஷமாகிறது, என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திக்கொள்கிறது, இங்கே புத்தகம் பேசுகிறது என்றால் விடுவார்களா? வாசலில் ஒரு பஜ்ஜிக்கடை முளைத்தது. மாவட்ட அலுவலகத்துக்கு ராஜகனி கடிதம் எழுதினாள். பேச்சு உள்ள நூல்களைத் தனிப் பட்டியலாக மூன்று பிரதிகள் எடுத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் பெண்டாட்டி, தன் மகன் தயிர்ச்சோற்றை மூன்று வருஷமாக நாய்க்குப் போட்டு வருவதை ஒரு கட்டடக்கலைப் புத்தகத்தில் கேட்டு, மறுநாள் முதல் எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர், "எங்கப்பா என்னைப் பாத்துச் சிரிச்சு ரெண்டு வருஷம் இருக்கும்" என்று தன் மகன் சொல்வதைத் தையற்கலைப் புத்தகத்தில் கேட்டார், அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்துச் சிரித்தார், பையன் பயந்துபோய்ப் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான்.

நல்லது மட்டும் நடந்தால் அது ஊரா? வானியல் புத்தகம் ஒன்று ஒரு பையனின் பீடிக் கதையைச் சொல்ல, மறுநாள் அவன் முதுகில் பெல்ட்டுத் தடம் இருந்தது. கல்யாணத் தரகர்கள் வந்து, இன்னார் வீட்டுப் பிள்ளை பேசியது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டு நின்றார்கள். அந்த நீள நோட்டைப் பார்த்தால், எந்தப் பிள்ளை என்றைக்கு எந்த நாற்காலியில் இருந்தது என்று தெரியும்; நாற்காலி தெரிந்தால் அலமாரி தெரியும். நோட்டு விஷயம் எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். நாற்காலிகளில் அப்பாக்களும் அம்மாக்களும் புத்தகத்தைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது வருஷமாக ராஜகனி ஆசைப்பட்ட அமைதி அதுதான். அந்த அமைதியில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வைகாசி பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ஷாலினி. இன்னொருத்தி பாத்திரக்கடை பால்துரையின் ஒரே மகள் முத்தரசி, பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள். நூலகத்தில் அதிகம் பேசியவள் யார் என்று கேட்டால் ராஜகனி நோட்டைப் பார்க்காமலே அவள் பேரைத்தான் சொல்வாள்.

"மேடம், இவ ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள் ஷாலினி. "இவளால சொல்ல முடியல்ல. அது உங்க லைப்ரரிலதான் இருக்கு."

"என்ன விஷயம்?"

"இவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க மேடம். சென்னையில பெரிய மளிகைக்கடை. ஆனியில நிச்சயம், ஆவணியில இவளுக்குப் பதினெட்டு முடியுது, முடிஞ்ச மறுவாரமே கல்யாணம். அன்னைக்கு இங்க உக்காந்துதான், 'ஷாலு, ஒரு முடிவு பண்ணிட்டேன்'ன்னு ஆரம்பிச்சா. நீங்க உஷ்னுட்டீய."

முத்தரசி மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுடைய அப்பா இரண்டு தரம் கேட்டிருக்கிறார், உனக்குச் சம்மதந்தானம்மா என்று. இரண்டு தரமும் வாயைத் திறந்திருக்கிறாள், காற்றுதான் வந்திருக்கிறது. தலையை ஆட்டி மறுத்திருக்கிறாள். பிள்ளை வெட்கப்படுது என்று அத்தை கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தால் "எனக்கு" என்பதோடு மை நின்றுவிடுகிறது. ஷாலினி போய்ச் சொன்னதற்கு, நல்ல காரியத்தைக் கெடுக்காதே என்று அவளை வீட்டுப் பக்கமே வரக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.

"கல்யாணம் வேண்டாம்னு சொல்ல வந்தியா?" என்று ராஜகனி கேட்டாள். முத்தரசி ஆமாமென்று தலையை ஆட்டினாள், ஆட்டும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது. இவ்வளவு சின்னக் கேள்வி, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று ராஜகனிக்குப் பட்டது.

நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: நாற்காலி 11, முத்தரசி, தொடர்ந்து பேச்சு, இருமுறை எச்சரிக்கப்பட்டார். பதினோராம் நாற்காலிக்கு இடப்பக்கம் வேளாண்மை அலமாரி. தலைக்கு நேராக இருக்கும் தட்டில் கண்ணை ஓட்டினாள். தென்னைக்கும் கோழிக்கும் நடுவே இரண்டு விரல் கனத்துக்கு ஒரு சந்து காலியாக இருந்தது. தேனீ வளர்ப்பு பற்றிய பழைய புத்தகம், இந்தக் கிளைக்கு அவள் மாற்றலாகி வந்த நாலு வருஷத்தில் ஒருத்தர் சீந்தியதில்லை, இப்போது அது இல்லை. வழங்கல் பதிவேட்டை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினாள். தேனீப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தது உறுப்பினர் எண் நானூற்றுப் பன்னிரண்டு. பால்துரை. தவணை முடிந்து ஒன்பது நாள்.

அப்பாவின் கையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதா? கேட்டுவிட்டுத்தான் கேட்காத மாதிரி இருக்கிறாரா? ராஜகனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு நூலகர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். தவணை தாண்டிய புத்தகத்தைக் கேட்டு வாங்க, உறுப்பினர் அட்டை யார் பேரில் இருக்கிறதோ அவரிடமே போனாள்.

பால்துரை கடையில் பித்தளைக் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "வாங்க மேடம், என்ன வேணும், டபரா செட்டா?"

"இல்லண்ணாச்சி. உங்க பேருல ஒரு புத்தகம் போயிருக்கு. தவணை முடிஞ்சிட்டு. தேனீ வளர்ப்பு."

"தேனீயா? நானா?" என்று சிரித்தார். "எனக்கு இந்தக் கடைல ஈ ஓட்டவே நேரம் சரியா இருக்கு." சிரிப்பு பாதியில் நின்றது. துடைத்துக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "மேடம், அது பேசுத புத்தகமா?"

ராஜகனி ஒரு டபராவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு பேசுதா அதுல?"

"தெரியாதுண்ணாச்சி," என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மூஞ்சி, பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது.

சாயங்காலம் அவர் நூலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் புத்தகத்தை மடியில் இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

"உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்காம்லா. அதைக் காட்டுங்க."

"அது ஆபீஸ் ரெக்கார்டு அண்ணாச்சி. காட்டக் கூடாது."

"எம்பிள்ளை என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவகிட்டயே கேளுங்கண்ணாச்சி."

"கேட்டேன் மேடம். ரெண்டு தரம் கேட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல்ல. எட்டு வயசு வரைக்கும் என் தோள்லயே கெடந்து பேசிக்கிட்டே வரும், ஊர்லேர்ந்து திருச்செந்தூர் போற வரைக்கும் வாய் மூடாது." அவர் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "ஊர்ல நாலு பேரு எம்பிள்ளை பேச்சைத் திறந்து வச்சுக் கேக்குதுக்கு முன்னால, நான் காரியத்தை முடிச்சிருதேன்."

மறுநாள் காலை மஞ்சள் தடவிய அழைப்பிதழ் ஒன்றைக் கவுண்டரில் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆனியில் இருந்த நிச்சயதார்த்தம் வருகிற வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டது. ராஜகனி அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தரம் உஷ் என்று சொல்லிக் கெடுத்தாள், இன்னொரு தரம் வாயைத் திறந்து கெடுத்தாள். அன்று மத்தியானம் நூலகத்துக் கொல்லையில் வாளித் தண்ணீரில் நடத்தைக் குறிப்பேட்டை முக்கி, பக்கம் பக்கமாகப் பிசைந்து, பதின்மூன்று நாற்காலிகளின் குற்றமும் நீலமாகக் கரைந்து ஓடுகிற வரைக்கும் குனிந்து நின்றாள். அதோடு அவளிடம் தர ஒன்றும் இல்லை. புத்தகம் மட்டும் எங்கோ இருந்தது.

பால்துரை எடுக்கவில்லை என்றால் அந்த அட்டையைக் கொண்டுவந்தது யார்? அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சித்திரையில் ஒரு அம்மா இரண்டு மத்தியானம் வந்து, அலமாரி அலமாரியாக ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு நொடி திறந்து, காதைக் கொடுத்து, மூடி வைத்துக்கொண்டே போனாள். ஏதோ படிக்க ஆசைப்பட்டு வெட்கப்படுகிறாள் என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

புதன்கிழமை, பால்துரை கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனாள். முத்தரசியின் அம்மா சொர்ணத்தாய் முற்றத்தில் வேட்டியை விரித்து, விருந்துக்கு அப்பளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜகனி எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவுமில்லை.

"அது தொலைஞ்சு போச்சு மேடம்," என்றாள். "வேற புத்தகம் வாங்கித் தந்திருதேன்."

"அக்கா, அந்தப் புத்தகம் இல்லன்னா அவளால சொல்லவே முடியாது. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிஞ்சிரும்."

சொர்ணத்தாய் ஒரு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். "நானும் ஒரு நாள் சொல்ல வந்தேன், எங்க வீட்டுல. எங்கம்மா வாயைப் பொத்துனா. செத்தா போயிட்டேன்? குடும்பம் நடத்தலியா, பிள்ளை பெறலியா?"

ராஜகனி வேட்டியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். முத்தரசி உள் கதவு நிலையில் வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். சொர்ணத்தாயின் கண் ஒரு தரம் அடுக்களையில் இருந்த அரிசி டிரம் பக்கம் போய்த் திரும்பியது. ராஜகனி அதைப் பார்த்தாள், பார்த்து என்ன செய்ய, அடுத்தவர் வீட்டு அரிசியில் கையை விட முடியுமா? "அக்கா, நீங்க அதைக் கேட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

"தினமும் கேக்குதேன்," என்றாள் சொர்ணத்தாய். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க போங்க மேடம், அவிய சாப்பாட்டுக்கு வார நேரம்."

வெள்ளிக்கிழமை ஊரே பால்துரை வீட்டுப் பந்தலில் இருந்தது. ராஜகனி கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், இருக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல், கைப்பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னை மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள், அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சண்டைக்காரர்களாக இருந்தால் எதையாவது காரணம் சொல்லி நிறுத்தலாம். இரண்டு பக்கமும் தட்டுகள் வரிசையாக வந்து அமர்ந்தன, பழம், தேங்காய், பூ, மஞ்சள், புடவை. ஞானையா சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிச்சய ஓலையைக் கையில் எடுத்தார், அவர்தான் எல்லா வீட்டிலும் வாசிப்பவர். முத்தரசியைக் கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ராஜகனி மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள், சார் ஓலையைப் பிரிக்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், தொண்டையைச் செருமுகிறார், இனி இரண்டு வரி, அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷம்," என்றது ஒரு பெண் குரல்.

சொர்ணத்தாய் உள்ளேயிருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெற்றிலை, வாழைப்பழம், மேலே மஞ்சள் துணி மூடியிருந்தது. வந்த வேகத்தில் வெற்றிலை ஒன்று தரையில் விழுந்தது. மகளின் மடியில் தட்டை வைத்து, "எடுத்துக்கோ," என்றாள். சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.

முத்தரசி துணியை விலக்கினாள். அட்டையில் ஒரு தேனீ, தேனீயின் மேல் இரண்டு மூன்று அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. பால்துரை எழுந்துவிட்டார், அவர் எட்டுவதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

மேடைப் பேச்சு மாதிரி எதுவும் வந்துவிடவில்லை. பங்குனி மாதம் பதினோராம் நாற்காலியில் ஷாலினியின் பக்கம் சாய்ந்து சொல்ல வந்ததுதான், அதே கிசுகிசுப்பில், அதே பாதிச் சிரிப்போடு வந்தது. பந்தலில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லாததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்டி. நான் படிக்கப் போறேன். இன்னைக்கு ராத்திரியே எங்கப்பாட்ட சொல்லிருவேன். நீ சும்மா பயப்படுத. எங்கப்பா நான் சொன்னா கேப்பாங்க."

சொல்லி முடித்த முத்தரசி மூச்சு வாங்கினாள், ரொம்ப தூரம் ஓடி வந்தவளைப் போல. பந்தலில் ஒருத்தரும் அசையவில்லை. பால்துரை நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், அவர் மூஞ்சியில் வந்தது கோபம் இல்லை.

"ஏம்மா," என்றார். "அன்னைக்கு ராத்திரி ஏன் சொல்லல?"

முத்தரசி நிமிர்ந்து, வரிசைகளைத் தாண்டி, கடைசி நாற்காலியைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் ஊரே திரும்பிப் பார்த்தது. ராஜகனி எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணாச்சி," என்றாள். "அவ சொல்லிக்கிட்டு இருந்தா. நான்தான் பேசாதன்னு சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

பால்துரை அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையில் விழுந்திருந்த வெற்றிலையை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பினார். "அண்ணாச்சி, மன்னிக்கணும். எம்பிள்ளை அப்பவே சொல்லியிருக்கு. எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு."

மாப்பிள்ளை வீட்டார் கூச்சல் போட்டார்கள், சாபம் விட்டார்கள், செலவைச் சொன்னார்கள், சமைத்த சாப்பாடு வீணாகக் கூடாது என்று பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டே வேன் ஏறினார்கள். ஞானையா சார் வாசிக்காத ஓலையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நூலகரின் நடத்தையால் ஒரு நல்ல காரியம் நின்றுபோனது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். பத்தொன்பது வருஷத்தில் ராஜகனியின் பேரில் வந்த முதல் புகார். அந்தக் கடிதத்தின் நகல் வந்த அன்று அவள் அதை இரண்டு தரம் படித்தாள். கோப்பில் துளையிட்டுச் சேர்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த வட்ட மேசையை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் போட்டாள். அலமாரியை விட்டு எத்தனை அடி தள்ளிப் போட்டால் போதும் என்று தெரியாததால், தரையை மூன்று தரம் அளந்தாள்.

திங்கட்கிழமை சொர்ணத்தாய் வந்தாள். தேனீப் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்து, "கிடைச்சிட்டு மேடம், அரிசிக்குள்ள கெடந்திருக்கு," என்றாள், சந்தையில் காய் வாங்கிய கதையைச் சொல்வது போல. ராஜகனி திறந்து பார்த்தாள். ராணித் தேனீயைப் பற்றி இருந்தது, வேறொன்றும் இல்லை. ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, தேதிச் சீட்டில் குத்தினாள். போகாமல் நின்றுகொண்டிருந்த சொர்ணத்தாய், "வேற ஏதாவது படிக்க இருந்தா குடுங்க," என்றாள். "பேசாத புத்தகமா பாத்துக் குடுங்க."

அப்போது மேசைப் பக்கமிருந்து பெரிய சத்தம். பிள்ளைகள் நாலைந்து பேர் திரும்பி வர ஆரம்பித்திருந்தார்கள், முத்தரசியும் ஷாலினியும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், ஜெபின் நாற்காலியை அலமாரி வரைக்கும் சாய்த்துக்கொண்டு எதையோ பாதி சொல்லிக்கொண்டிருந்தான். நாளிதழுக்கு மேலாக ஞானையா சார் ராஜகனியின் மூஞ்சியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம், விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது. நாக்கு நுனியில் சத்தம் வந்து நின்றது. அவள் ஜெபினின் தலைக்குப் பின்னால் இருந்த புத்தகத்தின் முதுகைப் பார்த்தாள், விரலை இறக்கினாள், கவுண்டரை விட்டு எழுந்து வந்து அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னல, சொல்லி முடி," என்றாள். "முடிச்சுட்டு அப்புறமா பேசாம இரு."